தாமதத்தை மன்னிப்பவர் யார்?

நீதிமன்றம் மன்னிப்பதற்கென ஏற்பட்ட இடமன்று. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிப்பதும், மெய்ப்பிக்கப்படாவிட்டால் விடுவிப்பதும், கடன் உண்டென்று கண்டால் செலுத்தச் சொல்வதும், இல்லையென்று கண்டால் வழக்கைத் தள்ளுவதுமே அதன் பணி. ஆயினும் நம் நீதிமன்றங்களில் நாள்தோறும் பதிவாகும் மனுக்களுள் ஒருவகை மனு மன்னிப்பையே வாய்விட்டுக் கேட்கிறது. மேல்முறையீட்டையோ மறுஆய்வு மனுவையோ உரிய நாளுக்குள் தாக்கல் செய்யத் தவறியவர், இத்தனை நாள் காலதாமதத்தை மன்னித்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பணிந்து கேட்கும் மனு அது.

இந்தச் சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். மன்னிப்பு என்பது புண்பட்டவர் புண்படுத்தியவருக்கு வழங்குவது. ஒருவருக்கு வரவேண்டிய கடனை மற்றொருவர் தள்ளுபடி செய்ய இயலாது. ஒருவர் தாமதமாக வந்ததால் நீதிபதிக்கு இழப்பு ஏதுமில்லை. தீர்ப்பு கிடைத்துவிட்டது, இனி நிம்மதி என்று எண்ணியிருந்த எதிர்த்தரப்பினரே இழப்பவர். அவ்வாறாயின் பிறருடைய இழப்பை மன்னிக்கும் உரிமை நீதிபதிக்கு எங்கிருந்து வந்தது? இரக்கம் என்று நாம் போற்றும் பண்பு, மற்றொருவரின் செலவில் காட்டப்படும்போதும் இரக்கம்தானா? சட்ட நூல்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று இது. நம் மனச்சான்றுக்கும் உரியது.

காலக்கெடு எதற்காக?

இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமே இத்துறையின் அடிப்படைச் சட்டம். உரிமையியல் வழக்கின் தீர்ப்பாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாளும், ஏனைய நீதிமன்றங்களில் மேல்முறையீடு செய்ய 30 நாளும் அது தருகிறது. தீர்ப்பு வழங்கிய அதே நீதிமன்றத்திடம், வெளிப்படையான பிழை உள்ளது என்றோ புதிய சான்று கிடைத்துள்ளது என்றோ சொல்லி மறுஆய்வு கோருவதற்கும் பொதுவாக 30 நாளே. கெடு கடந்து வரும் வழக்கை, எதிர்த்தரப்பு வாய் திறவாவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 3-ஆம் பிரிவு.

இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் முடிவே இல்லாத வழக்கும் ஓர் அநீதிதான். சாட்சிகள் இறந்துபோகிறார்கள். பத்திரங்களைக் கரையான் அரிக்கிறது. வென்றவர் அந்த நிலத்தில் வீடு கட்டுகிறார், அதை நம்பி மகளுக்குத் திருமணம் பேசுகிறார், கடன் வாங்குகிறார். பத்தாண்டுகள் கழித்து ஒருவர் வந்து முதலிலிருந்து தொடங்குவோம் என்றால் அவருடைய வாழ்வு என்னாவது? காலக்கெடு என்னும் வேலி எளியவர்களின் அமைதியையும் காக்கிறது.

மற்றொன்றையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். காலக்கெடு பொதுவாக நீதிமன்றத்தின் வாயிலை அடைக்கிறதேயன்றி உரிமையை அழிப்பதில்லை. சொத்தின் உடைமை பற்றிய வழக்குகளில் மட்டும், கெடு முடிந்ததும் உரிமையே அற்றுப்போகும் என்று 27-ஆம் பிரிவு கூறுகிறது. கடனைப் பொறுத்தவரை, கெடு கடந்தபின் வழக்குத் தொடுக்க இயலாதே தவிர, கடன் கடனாகவே நிற்கிறது. அத்தகைய கடனைத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால் அந்த வாக்குறுதி செல்லும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். சட்டம் வாய் மூடிய பிறகும் மனச்சான்று பேசலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

போதுமான காரணம்

வேலி என்று இருந்தால் வாயிலும் வேண்டும். அந்த வாயில் 5-ஆம் பிரிவு. கெடுவுக்குள் வர இயலாமைக்குப் 'போதுமான காரணம்' இருந்தது என்று நீதிமன்றம் நிறைவடையுமாயின், மேல்முறையீட்டையும் மனுவையும் கெடு கடந்தும் ஏற்கலாம் என்று அது சொல்கிறது. புதிதாகத் தொடுக்கும் மூல வழக்குக்கு இச்சலுகை இல்லை. இப்பிரிவில் 'மன்னித்தல்' என்ற சொல் இல்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். அச்சொல் நீதிமன்ற வழக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. காலத்தை நீட்டித்து ஏற்றல் என்பதே சட்டம் தரும் அதிகாரம்.

போதுமான காரணம் எது? சட்டம் பட்டியல் தரவில்லை. வாழ்க்கை தரும் தடைகளுக்குப் பட்டியல் போட முடியாது அல்லவா? அசட்டையோ, செயலின்மையோ, நேர்மைக் குறைவோ மனுதாரர்மேல் சுமத்தப்பட முடியாத இடத்தில், நீதி ஓங்கும்படி அச்சொல்லுக்கு விரிந்த பொருள் கொள்ள வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 1890-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான அக்கருத்தை, நூறாண்டுகளுக்குப் பின்னும் நாட்டின் நீதிமன்றங்கள் எடுத்தாளுகின்றன.

1961-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாள் தாமதம் பற்றிய வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. கடைசி நாளன்று நோயுற்றதால் மறுநாள் தாக்கல் செய்தார்கள். அதற்கு முந்தைய நாள்களில் ஏன் வரவில்லை என்று கேட்டுக் கீழ்நிலை நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டம் கொடுத்த நாள்கள் முழுவதும் மனுதாரருக்கு உரியவை, கடைசி நாளுக்குப் பின் நேர்ந்த தாமதத்துக்கு மட்டுமே அவர் விளக்கம் தரவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பு, கெடு முடிந்ததும் வென்றவருக்கு ஓர் உரிமை பிறக்கிறது, அதை விளையாட்டாகக் கலைத்துவிடக் கூடாது என்றும் எச்சரித்தது. இரு பக்கமும் பார்த்த தீர்ப்பு அது.

1987-இல் நீதிபதி எம்.பி. தக்கர் எழுதிய தீர்ப்பு மிகவும் புகழ்பெற்றது. காஷ்மீரத்து அனந்தநாக் நில எடுப்பு வழக்கொன்றில் அரசு நான்கு நாள் தாமதமாக வந்திருந்தது. 'ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும்' என்ற விதியை எழுத்துக்கு எழுத்தாகப் பிடித்துக்கொண்டால், ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஏன் கேட்கக் கூடாது என்று அவர் வினவினார். தாமதத்தை மன்னிப்பதால் அதிகம் போனால் என்ன நேரும்? வழக்கு அதன் தகுதியைக் கொண்டு தீர்மானிக்கப்படும், அவ்வளவே என்பது அவர் தந்த விளக்கம்.

1998-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் தாமதம் 883 நாள். மனுதாரர் தம் வழக்கறிஞரை நம்பியிருந்தார். வழக்கறிஞரோ வழக்கின் நிலையை அவருக்குத் தெரிவிக்கவில்லை. தாமதத்தின் நீளம் முக்கியமன்று, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றார் நீதிபதி கே.டி. தாமஸ். சில வேளைகளில் மிகச் சிறிய தாமதமும் மன்னிக்க இயலாததாகலாம், மிக நீண்ட தாமதமும் மன்னிக்கத் தக்கதாகலாம் என்பது அதன் உட்பொருள். காலம் நாள்காட்டியில் அளக்கப்படலாம். குற்றமோ மனத்தில்தான் அளக்கப்பட வேண்டும் என்று ஒழுக்கவியல் சொல்வதும் இதுவேயன்றோ?

எதிரே நிற்பவர்

எனினும், அதிகம் போனால் வழக்குத் தகுதியைக் கொண்டு தீர்மானிக்கப்படும் என்னும் வாதத்தை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலுமா? தகுதியைக் கொண்டு தீர்மானிக்க எத்தனை ஆண்டு ஆகும்? அதுவரை வழக்கறிஞர் கட்டணம் யாருடையது? பேருந்துச் செலவும் இழந்த நாள்கூலியும் யாருடையவை? நீதிமன்றத்துக்கு அது மேலும் ஒரு கோப்பு. வென்றவருக்கோ எஞ்சிய ஆயுள். இரக்கத்தின் விலையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்காத இரக்கம் அரைகுறை இரக்கமே.

எதிரெதிரே நிற்பவர்களின் வலிமை சமமாக இல்லாதபோது இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. தனிமனிதர் ஒருவர் மாதம் ஒன்று தாமதமாக வருகிறார். எழுத்தறியாதவர், நகல் எடுக்கப் பணமில்லாதவர், தீர்ப்பு வந்ததையே அறியாதவர். அரசுத் துறை ஒன்று ஆண்டுக்கணக்கில் தாமதமாக வருகிறது. அதற்குச் சட்ட அலுவலர்கள் இருக்கிறார்கள், பணம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்லக் காலம் பிடித்தது என்பதே அது சொல்லும் காரணம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தானா?

நெடுங்காலம் நீதிமன்றங்கள் அரசின்பால் தாராளமாகவே இருந்தன. பின்னர்க் காற்றின் திசை மாறியது. 2012-இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்துடன் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. மடல்களைக் காலத்தில் சேர்ப்பதே கடமையாக உள்ள துறை தன் மனுவைக் காலத்தில் சேர்க்கவில்லை! காலவரையறைச் சட்டம் அரசையும் கட்டுப்படுத்தும், நவீன வசதிகள் பெருகிய காலத்தில் கோப்பு நகர்ந்த கதையை எப்போதும் ஏற்க முடியாது என்று கூறி, நீதிபதிகள் பி. சதாசிவம், ஜே. செலமேஸ்வர் அமர்வு மறுத்தது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசின் 663 நாள் தாமத மனுவைத் தள்ளிய உச்ச நீதிமன்றம் இன்னொரு கசப்பான உண்மையையும் சொன்னது. சில துறைகள் வெல்வதற்காக வருவதில்லையாம். உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது என்னும் சான்றிதழைப் பெற்று, தாமதத்துக்குக் காரணமான அலுவலரைக் காப்பாற்றவே வருகின்றனவாம். 25,000 ரூபாய் செலவுத் தொகை விதித்து, அதைப் பொறுப்பான அலுவலர்களிடமிருந்தே வசூலிக்கவும் ஆணையிட்டது.

2025-இல் கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் மேல்முறையீடு பற்றிய வழக்கில் தாமதம் 3966 நாள், அதாவது பத்தாண்டுகளுக்கும் மேல். உயர் நீதிமன்றம் அதை மன்னித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த மன்னிப்பை நீக்கியது. எதிர்த்தரப்பில் இருந்தவர் நிலம் தொடர்பாக வழக்காடிய ஒரு பெண். இறுதித் தீர்ப்பு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. வாரிசுகளே அவருடைய இடத்தில் நின்றார்கள். நிறுவனத்துக்கு மூப்பு இல்லை, இறப்பும் இல்லை. அதன் தாமதத்தை மன்னிக்கும்போது, சாகக்கூடிய மனிதர் ஒருவரின் நாள்களை எடுத்துச் சாகாத ஒன்றுக்குக் கொடுக்கிறோம்.

அறியாதவனுக்குக் காலம் ஓடலாமா?

நம் திருச்சபையின் நீதிமன்றங்களுக்கும் காலக்கெடு உண்டு. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, தீர்ப்பு வெளியிடப்பட்டது தெரிய வந்ததிலிருந்து 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த நாள்கள் எண்ணப்படும் முறைதான் சிந்தனைக்குரியது. தன் உரிமையை அறியாதவருக்கும், அறிந்தும் செயல்பட இயலாதவருக்கும் அத்தகைய காலம் ஓடுவதேயில்லை என்கிறது 201-ஆம் சட்டம். மணவாழ்வு போன்று ஆளின் நிலையைப் பற்றிய வழக்குகளில் தீர்ப்பு ஒருபோதும் மாற்ற முடியாததாக இறுகிவிடுவதில்லை என்கிறது 1643-ஆம் சட்டம். கனமான புதுச் சான்று கிடைத்தால் கதவு திறக்கிறது. நெடுங்கால அனுபவத்தால் மட்டும் ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாகிவிடாது, அக்காலம் முழுவதும் அவர் நல்லெண்ணத்துடன் இருந்திருக்க வேண்டும் என்கிறது 198-ஆம் சட்டம்.

நாட்டின் சட்டமும் இக்கருத்துக்கு அயலானதன்று. சிறுவருக்கும் மனநலம் குன்றியவருக்கும் வழக்குத் தொடுக்கும் காலம் அந்நிலை நீங்கிய பிறகே எண்ணப்படும். தீர்ப்பின் நகல் பெற ஆகும் நாள்கள் கழிக்கப்படும். மோசடியால் உண்மை மறைக்கப்பட்டிருந்தால் அது வெளிப்படும்வரை காலம் காத்திருக்கும். கொரோனாப் பெருந்தொற்று நாட்டை முடக்கியபோது, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாள்கள் கெடுவில் சேரா என்று உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து ஆணையிட்டது. அப்போது எவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இயலாதவர்மேல் குற்றமே இல்லை என்பதால் மன்னிப்பதற்கும் எதுவுமில்லை.

இந்த வேறுபாடு பெரிது. சிறைக்குள் இருப்பவரை நினைப்போம். தீர்ப்பின் நகலே கைக்கு வராதவரிடம் ஏன் காலத்தில் வரவில்லை என்று கேட்பது எவ்வகையில் நியாயம்? சிறைப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகல் விரைவில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், மேல்முறையீட்டுக்குச் சட்ட உதவியும் கிடைக்க வேண்டும் என்று 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அறுதியிட்டுச் சொன்னார். மரண தண்டனையை எதிர்க்கும் மறுஆய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முன்பே தள்ளப்பட்டு, தண்டனை நிறைவேற்றப்படாதிருந்த மறுஆய்வு மனுக்களையும் மீண்டும் திறக்க ஒரு மாதம் தந்தது. உயிர் போகும் இடத்தில் காலம் சற்று நின்றுதான் ஆக வேண்டும்.

ஆகவே தாமதம் இருவகைப்படும். இயலாமையால் விளைந்த தாமதம் ஒன்று. அதற்கு உரியது நீதி, மன்னிப்பு அன்று. அசட்டையால் விளைந்த தாமதம் மற்றொன்று. அதற்குத்தான் மன்னிப்பு வேண்டும். அந்த மன்னிப்பு விலையின்றிக் கிடைக்கக் கூடாது.

உண்மையும் பரிகாரமும்

ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கற்றிருப்பது என்ன? குற்றத்தை உள்ளபடி அறிக்கையிடுகிறோம். பின்னர்ப் பரிகாரம் செய்கிறோம். பிறர் பொருளைக் கவர்ந்தவர் அதைத் திருப்பித் தரவேண்டும். அறிக்கையும் பரிகாரமும் இல்லாமல் மன்னிப்பை மட்டும் கேட்பது நமக்குப் பழக்கமில்லை. நீதிமன்றத்தின் நல்ல தீர்ப்புகளிலும் இவ்விரண்டின் சாயல் தெரிகிறது.

பரிகாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன 1998-ஆம் ஆண்டு வழக்கில், தாமதத்தை ஏற்ற நீதிபதி தாமஸ், எதிர்த்தரப்பை நீதிமன்றம் மறந்துவிடக் கூடாது என்று நினைவூட்டி, அவருக்கு 10,000 ரூபாய் தரவேண்டும் என்ற நிபந்தனையுடனேயே கதவைத் திறந்தார். நிலம் இழந்த உழவர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டுப் பல ஆண்டு தாமதமாக வந்த வழக்குகளில், 2014-இலும் 2017-இலும் உச்ச நீதிமன்றம் இன்னும் நுட்பமான வழியைக் கண்டது. அண்டை நிலத்தாருக்குக் கிடைத்த நியாயமான விலை இவர்களுக்கும் கிடைக்கட்டும், ஆனால் தாமதித்த காலத்துக்கு மட்டும் வட்டி கிடையாது என்றது. உரிமை காக்கப்பட்டது. தாமதத்தின் சுமை தாமதித்தவர் தோளிலேயே ஏறியது. இரக்கமும் நீதியும் ஒரே ஆணையில் கைகோத்து நிற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அறிக்கையோ இன்னும் கடினமானது. தாமத மனுவுடன் இணைக்கப்படும் பிரமாணப் பத்திரத்தில் மஞ்சள் காமாலை அடிக்கடி வந்து போகும். நாட்டு வைத்தியம் பார்த்ததால் மருத்துவச் சான்றும் இராது. நீதிமன்ற வட்டாரத்தில் இது ஒரு நகைப்புச் செய்தி. ஆனால் பிரமாணம் என்பது ஆணை. குமாஸ்தா தட்டச்சு செய்து நீட்டும் தாளில் வாசிக்காமல் கையொப்பமிடும் கத்தோலிக்கர், எட்டாம் கட்டளையை நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே விட்டுவிட்டுச் செல்கிறார். 'பணமில்லை, கடன் கேட்டு அலைந்தேன்', 'தீர்ப்பைப் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று', 'போகலாமா வேண்டாமா என்று தயங்கினேன்' என்ற உண்மைகள் நோயைவிடக் குறைந்த மதிப்புடையவை என்று நமக்கு யார் சொன்னார்கள்? பொய்யான காரணத்துக்குக் கிடைக்கும் மன்னிப்பு யாருக்குக் கிடைத்த மன்னிப்பு? நாம் அல்லாத, நோயுற்ற வேறு யாரோ ஒருவருக்குத்தானே!

நம் கையில் உள்ளது

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை காணலாம். நீதிபதி மன்னிப்பதில்லை. அவர் காலத்தை நீட்டிக்கிறார். அதற்குச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்துள்ளது. அந்த அதிகாரத்தை உண்மையை ஆய்ந்தும், காத்திருப்பவரின் இழப்பை ஈடு செய்தும் செலுத்துவதே அவர் கடன். சொல்லின் முழுப்பொருளில் மன்னிக்கக் கூடியவர் ஒருவரே இருக்கிறார். அவர் எதிர்த்தரப்பில் அமர்ந்திருப்பவர்.

அவராக நாமே இருக்க நேரலாம். பங்காளிகளுக்குள் பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் என்று நம் குடும்பங்களிலும் வழக்குகள் இல்லாமல் இல்லை. தம்பி தோற்றுவிட்டான். அவன் மேல்முறையீடு 40 நாள் பிந்தி வருகிறது. நம் வழக்கறிஞர் மகிழ்ச்சியோடு, ஆட்சேபிப்போம், வாசலிலேயே முடிந்துவிடும் என்கிறார். ஆட்சேபிப்பது நம் உரிமை. தம்பி வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்றால் அது நியாயமும்கூட. ஆனால் அவன் மருத்துவமனையில் கிடந்ததும், கையில் காசின்றித் திண்டாடியதும் நமக்கே தெரிந்திருக்குமாயின்? வழக்கின் தகுதியில் அவன் பக்கமும் ஏதோ உண்மை இருக்கிறது என்று உள்ளூர உணர்வோமாயின்? அப்போது அவனுடைய தாமதத்தின் பின்னால் நாம் ஒளிந்துகொண்டால், சட்டத்தில் வெல்வோம். வென்ற நிலத்தில் நல்லெண்ணம் விளையாது.

அத்தகைய வேளையில் தாமத மனுவின்மேல் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தர வழி உண்டு. இறுதி முடிவு நீதிமன்றத்துடையதே. எனினும் அந்த இரு சொற்கள் நீதிபதியின் கையைப் பெரிதும் இலகுவாக்கும். நீதிமன்றம் தர இயலாத மன்னிப்பை அங்கே நாம் தந்தவர்களாவோம்.

அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு சொல். உங்கள் மேசைமேல் கிடக்கும் கோப்பில் 30 நாள், 90 நாள் என்ற கெடு ஓடிக்கொண்டிருக்கலாம். மேல்முறையீடு தேவையில்லை என்றால் அதையும் காலத்தில் எழுதிவிடுங்கள். மறுமுனையில் ஒருவர் இழப்பீட்டுக்காகவோ ஓய்வூதியத்துக்காகவோ காத்திருக்கிறார். பங்கு அமைப்புகளில் பணியாற்றுவோர், தீர்ப்பு வந்த வீட்டாரிடம் அது எந்த நாளில் வந்தது, நகலுக்கு மனுச் செய்தாயிற்றா என்று கேட்டு, இயலாதவர்களை வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்லலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், காவலில் உள்ளோருக்கும் அங்கே சட்ட உதவி இலவசம். அன்றைக்கே ஒருவர் உடன் சென்றிருந்தால், பின்னாளில் மன்னிப்பு மனு எழுத வேண்டிய தேவையே பலருக்கு எழாது.